தூக்குச்சட்டியிலிருந்து பிளாஸ்டிக் பை வரை



காலையில் கடைக்குப் போய் வருகிறோம். திரும்பும்போது நெத்திலிக் கருவாடு ஒரு பையில், துருவிய தேங்காய்ப்பூ ஒரு பையில், பச்சை மிளகாய் ஒரு பையில், பசியாறத் தோசை ஒரு பையில், அதற்குச் சாம்பாரும் சட்னியும் இரண்டு பைகளில். இத்தனையையும் போட்டுத் தூக்கி வர இன்னொரு பெரிய பை. வீடு வந்து அரைமணி நேரத்தில் பொருள்கள் பானைக்கும் தட்டுக்கும் போய்விடுகின்றன. ஏழு பைகளும் குப்பைக்குப் போகின்றன.

இப்பைகள் இல்லாத காலத்தில் தோட்டத்துக் குடும்பங்கள் எப்படிக் காலம் தள்ளின என்று நம் பிள்ளைகள் வியப்போடு கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். பிளாஸ்டிக் நம் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை அறிந்துகொண்டால், அதை எவ்வழியாகக் குறைக்கலாம் என்பதும் ஓரளவு விளங்கும். ஆகவே இன்றைய உரையில் அந்த வரலாற்றைச் சற்றே விரிவாகப் பார்ப்போம். அது மேல்நாட்டு ஆலைகளில் மட்டும் நடந்த கதையன்று. அதன் முதல் அத்தியாயம் நம் மலாயாக் காடுகளிலேயே எழுதப்பட்டது.

ரப்பரை நாம் 'கித்தா' என்கிறோம். தோட்டத்தைக் 'கித்தாக்காடு' என்கிறோம். மரத்திலிருந்து வடியும் பாலையும் பிசினையும் மலாய் மொழியில் 'கெத்தா' என்பார்கள். அச்சொல்லே நம் வாயில் கித்தா ஆயிற்று. ஆனால் பால்மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பே இங்கு வேறொரு கெத்தா புகழ் பெற்றிருந்தது. அதன் பெயர் 'கெத்தா பெர்ச்சா'. காட்டில் உயர்ந்து வளரும் ஒருவகை மரத்தின் பால் அது. அதில் ஒரு விந்தை உண்டு. வெந்நீரில் போட்டால் மாவுபோல் இளகும். விரும்பிய வடிவில் பிடித்து ஆறவிட்டால் அப்படியே இறுகி நிற்கும். மறுபடி சுடவைத்தால் மறுபடி இளகும். மலாய் மக்கள் அதைக்கொண்டு பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்து வந்தார்கள். சூட்டில் இளகி ஆறினால் இறுகும் இந்தக் குணம்தான் இன்றைய பிளாஸ்டிக் பைக்கும் வாளிக்கும் உள்ள குணம்.

சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இக்கைப்பிடிகளைக் கண்டு வியந்தார். 1843-ஆம் ஆண்டில் இங்கிருந்து லண்டனுக்கு மாதிரிகள் போயின. அப்போது மின்தந்தி புதிதாகப் புறப்பட்டிருந்த காலம். கடலுக்கடியில் தந்திக்கம்பி போடுவதற்கு, உப்புநீர் புகாதபடி கம்பியைப் போர்த்த ஒரு பொருள் தேடிக்கொண்டிருந்தார்கள். கெத்தா பெர்ச்சா அதற்கென்றே படைக்கப்பட்டதுபோல் அமைந்தது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கம்பிக்கும், 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த கம்பிக்கும் அதுவே போர்வை. 1871-இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடிக் கம்பியும் அவ்வாறே. நம் மூதாதையர் கப்பலில் நாட்கணக்கில் கடந்த அதே கடலின் அடியில், மலாயாக் காட்டுப் பால் பூசிய கம்பி வழியே செய்திகள் ஓடின.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. பால்மரத்தைச் சீவுவதுபோல் அம்மரத்தைச் சீவி நாள்தோறும் பால் எடுக்க முடியாது. மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறித்தான் எடுத்தார்கள். பல ஆண்டுகள் வளர்ந்த மரம் ஒன்றைச் சாய்த்தாலும் கிடைப்பது மிகச் சிறிதளவே. சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்க் காடுகளில் அம்மரம் அரிதாயிற்று. பின்பு தீபகற்பத்துக் காடுகளிலும், சுமத்ரா, போர்னியோ காடுகளிலும் கோடரி விழுந்தது.

காட்டுப் பால் குறையக் குறைய, அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் மாற்றுப் பொருள் தேடத் தொடங்கினார்கள். 1907-இல் பேக்லாண்ட் என்பவர் பேக்கலைட் என்ற பொருளைச் செய்தார். பழைய வானொலிப் பெட்டிகளின் பழுப்புநிற மேற்கூடு பெரும்பாலும் அதனால் ஆனதே. நம் கதைக்கு அதைவிட முக்கியமான நாள் 1933 மார்ச் 27. இங்கிலாந்தில் விண்ணிங்டன் என்ற ஊரிலிருந்த ஓர் இரசாயன ஆலையில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது, கலத்தின் அடியில் மெழுகுபோல் வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருக்கக் கண்டார்கள். அதுதான் பாலித்தீன். கடலடிக் கம்பியில் கெத்தா பெர்ச்சாவுக்குப் பதிலாக இதை வைக்கலாம் என்று கம்பி செய்வோர் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு அது பயன்பட்டது. போர் முடிந்ததும் ஆலைகள் நின்றன, பொருள் மிகுந்தது, விற்க வழி வேண்டும். போத்தலாகவும் வாளியாகவும் மெல்லிய தாளாகவும் அது வீடுகளை நோக்கிப் புறப்பட்டது. இன்று கருவாடு கட்டித் தருகிறார்களே, அந்தப் பை அந்த வெள்ளை மெழுகின் வழிவந்ததே.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு நம் தோட்டங்களின் ரப்பர் கிடைக்காமல் போயிற்று. அவர்கள் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் பெரும் ஆலைகளை அவசரமாகக் கட்டினார்கள். இங்கே கோணிச்சாக்கை உடுத்திக்கொண்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்று நம்மவர்கள் உயிர் பிழைத்த அதே ஆண்டுகளில் அவ்வாலைகள் எழுந்தன. போருக்குப் பின்பும் அவற்றுள் பல மூடப்படவில்லை. இயற்கை ரப்பரின் விலை சரிந்ததற்கும், தோட்ட முதலாளிகள் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டதற்கும் உள்ள காரணங்களுள் அந்தப் போட்டியும் ஒன்று. பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய் நம்மிடம் இரண்டு முறை வந்தது எனலாம்: முதலில் பால்மரத்தின் எதிரில், அடுத்து சமையலறைக்குள்.

இனி அந்தச் சமையலறைக்கே வருவோம்.

1950-களில் தோட்டத்து லயத்து வீடு ஒன்றை மனத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் எறிவதற்கென்று ஏதேனும் இருந்ததா? மண்ணெண்ணெய் வந்த சதுரத் தகரம் காலியானதும் அதற்கு மேல்புறம் ஒரு கட்டை அடித்துத் தண்ணீர் வாளி ஆக்கினார்கள். ஓட்டை விழுந்தபின் வெட்டி விரித்துக் கோழிக் கூண்டுக்குக் கூரை போட்டார்கள். கோதுமை மாவு வந்த துணிப்பை தலையணை உறையாயிற்று, பிள்ளைகளுக்குச் சட்டையாயிற்று, கடைசியில் கைப்பிடித் துணியாயிற்று. அரிசிச் சாக்கு வாசலில் மிதியடியாகக் கிடந்தது. பால் எடுக்கத் தேங்காய்ச் சிரட்டையும் சுட்டமண் மங்கும் கண்ணாடி மங்கும் இருந்தன. சுமக்கக் காண்டாவாளி இருந்தது. இருட்டோடு பிரட்டுக்குப் போகிறவர் கையில் தூக்குச்சட்டி இருந்தது. அதில் முதல்நாள் சோறும் கருவாட்டுக் குழம்பும். போத்தலில் வரக்காப்பி, வாய்க்குக் கிழிந்த துணியைச் சுருட்டி ஒரு மூடி.

கடைக்குப் போகும் பிள்ளையின் கையில் வீட்டுப் பாத்திரம் போகும். நல்லெண்ணெய்க்கு ஒரு போத்தல், மண்ணெண்ணெய்க்கு வேறொரு போத்தல், அதன் கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு கயிறு. இரண்டும் மாறிவிட்டால் அன்று வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாமான்களுக்கு ரோத்தான் கூடை. பருப்பையும் மிளகாயையும் பழைய தாளில் கூம்பாகச் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டித் தருவார் கடைக்காரர். அந்தத் தாளைப் பிரித்துப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் நம்மில் உண்டு. சணல் கயிறும் வீணாகாது; சுவரில் ஓர் ஆணியில் சுற்றிச் சுற்றி உருண்டையாகத் தொங்கும். மீனுக்கும் பலகாரத்துக்கும் வாழையிலை, இல்லாவிட்டால் சாலையோரம் அகலமான இலையோடு வளரும் சிம்போ ஆயர். பட்டணத்துக் காப்பிக்கடையில் வெளியே எடுத்துப் போகக் காப்பி கேட்டால், காலியான கட்டிப்பால் டின்னில் ஊற்றி, மூடித் தகட்டில் கயிறு கோத்துக் கொடுப்பார்கள். ஆரஞ்சு சோடாப் போத்தலுக்கு முன்பணம் வைக்க வேண்டும். போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். பழைய போத்தலும் தாளும் இரும்பும் வாங்கக் கோணிச்சாக்கோடு ஒருவர் வருவார். அவரை மலாயிலும் சிங்கப்பூரிலும் 'காராங் குனி' என்பார்கள். 'குனி' நம் கோணியோடு உறவுடைய சொல்தான்.

இதையெல்லாம் பொற்காலமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. வறுமையே பெரும் சிக்கனக்காரி. பாத்திரம் கழுவியது யார்? விடியுமுன் எழுந்து சமைத்து, பால்வெட்டப் போய், திரும்பி வந்து குழாயடியில் வரிசையில் நின்று, கரிபிடித்த சட்டிகளைச் சாம்பலால் தேய்த்த பெண்கள்தான். கனமான தகர வாளியைத் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்தவர்களும் அவர்களே. இலேசான பிளாஸ்டிக் வாளி வந்தபோது அவர்கள் மகிழ்ந்ததில் வியப்பென்ன? துருப்பிடிக்காது, கைக்குக் குளிராது, விழுந்தால் நசுங்காது. தண்ணீர்த் தொட்டி, குழாய், மழைச்சட்டை எல்லாம் உழைக்கும் குடும்பத்துக்கு உதவியாகவே வந்தன. பெண்கள் தாமே பிளாஸ்டிக் ஒயர் வாங்கிப் பல வண்ணத்தில் கூடை பின்னினார்கள்; பத்தாண்டு உழைத்த ஒயர்க்கூடைகள் உண்டு. அப்படிப் பத்தாண்டு உழைக்கும் பொருளைப் பகை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் கேடு எங்கே தொடங்கிற்று? கடைக்காரர் பொருளோடு பாத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய இடத்தில்தான் என்பது எங்கள் எண்ணம்.

முன்பெல்லாம் பொருள் கடையினுடையது, பாத்திரம் வீட்டினுடையது. வீட்டுப் பாத்திரத்தை யாரும் எறியமாட்டார்கள். கடை கொடுத்த பாத்திரத்துக்கோ வீட்டில் இடமே இல்லை. அது வந்த நாளிலேயே குப்பை. சுவீடன் நாட்டில் ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற பொறியாளர், ஒரே தாளை மடித்து ஒட்டி வெட்டி, இரண்டு காதுகளோடு கூடிய பையைச் செய்தார். 1965-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். தாள் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கவே தம் தந்தை அதைச் செய்தார் என்றும், அவர் எப்போதும் ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார் என்றும் அவர் மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். செய்தவர் எண்ணம் அப்படி. உலகம் அதை ஒரு நாள் பை ஆக்கிவிட்டது.

1970-களிலும் 1980-களிலும் அந்தப் பை நம் பட்டணங்களிலிருந்து தோட்டத்துக் கடைக்கும் வந்து சேர்ந்தது. கட்டிப்பால் டின் போயிற்று. காப்பியைப் பையில் ஊற்றி, ஓரத்தில் ரப்பர் வளையம் போட்டு, உறிஞ்சுகுழல் செருகிக் கொடுத்தார்கள். அந்த ரப்பர் வளையம் ஒன்றுதான் அதில் நமக்கு உறவு. 1973-இல் அமெரிக்காவில் இலேசான பெட் போத்தலுக்குக் காப்புரிமை வந்தது. பின்னர் சோடாப் போத்தலின் முன்பணமும் மறைந்தது. 555 குறிப்புப் புத்தகத்தில் கடன் எழுதி வாங்கிய காலத்தில் தவுக்கே ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கு எழுதினார். பைக்கு மட்டும் கணக்கே இல்லை, 'சும்மா' கொடுத்தார். சும்மா வந்த பொருளை யார் எண்ணிப் பார்ப்பார்?

நாம் எண்ணிப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து பை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,825 பைகள். இருபது கதவு லயம் ஒன்றில் 36,500. உலக அளவில் பார்த்தால், 1950-இல் ஆண்டுக்குச் சுமார் 20 இலட்சம் டன்னாக இருந்த பிளாஸ்டிக் உற்பத்தி 2015-இல் 38 கோடி டன் அளவுக்கு உயர்ந்துவிட்டது. அதுவரை குப்பையான பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்குப் போனது நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவே என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

பட்டணத்தில் குப்பை லாரி வந்து எடுத்துப் போய்விடுகிறது, கண்ணுக்கு மறைகிறது. தோட்டப்புறத்தில் பல இடங்களில் லயத்துக்குப் பின்னால் ஒரு குழி, அல்லது செம்பனை வரிசையின் ஓரத்தில் ஒரு மேடு. முன்பு அந்தக் குழியில் விழுந்தவை இலை, சாம்பல், மீன் செதில், கிழிந்த கோணி. ஆறு மாதத்தில் மண்ணாகிவிடும். அந்த மண்ணை அள்ளி வாழைக்கும் முருங்கைக்கும் போட்டோம். பழக்கம் மாறவில்லை, குப்பை மாறிவிட்டது. இப்போது அந்தக் குழிக்குத் தீ வைக்கிறோம். இலை எரிந்த புகைக்கும் பிளாஸ்டிக் எரியும் புகைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. குழாய், மின்கம்பியின் மேலுறை, சிலவகை மழைச்சட்டை, செருப்பு ஆகியவற்றில் உள்ள பி.வி.சி. எரிந்தால் தொண்டையை அரிக்கும் அமிலப் புகையும் டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் கிளம்பும். புற்றுநோய் தரும் நஞ்சு அது. மண்ணில் படிந்து, புல்லில் ஏறி, மாட்டின் பாலிலும் கோழி முட்டையிலும் சேரும். மாலை ஆறு மணிக்கு ஒருவர் தீ வைத்தால், பாடம் படிக்க உட்கார்ந்த பத்து வீட்டுப் பிள்ளைகள் அப்புகையை மூச்சில் இழுக்கிறார்கள். கொசு ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடுவது கொசு மட்டுமன்று, பிள்ளைகளின் உடல்நலமும்தான்.

கொசு என்றதும் டிங்கிக் காய்ச்சல் நினைவுக்கு வரும். ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த நீர் கொஞ்சம் போதும். எறிந்த நெகிழிக் குவளை, போத்தல் மூடி, சுருக்கத்தில் மழைநீர் தேங்கிய பை, இவற்றில் முட்டையிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்து வரும். பால்வெட்டு நின்ற காட்டில் மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது அதனால்தான். மங்கைக் கவிழ்க்கிறோம், லயத்தைச் சுற்றிக் கிடக்கும் ஆயிரம் சிறிய மங்குகளை யார் கவிழ்ப்பது?

மாடு வளர்ப்போருக்கு இன்னொரு துயரம். சோறு ஒட்டிய பையை மாடு பையோடு விழுங்கிவிடுகிறது. அது வயிற்றில் செரிக்காது, வெளியேயும் வராது. ஒன்றோடொன்று சுருண்டு கட்டியாகிறது. வயிறு நிறைந்ததுபோல் தோன்றுவதால் மாடு தீனி எடுக்காது. மெலிந்து மெலிந்து ஒருநாள் விழுந்துவிடும். வைத்தியருக்கும் தெரியாது, வளர்த்தவருக்கும் தெரியாது. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வேலைக்காட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வந்த கேன்கள் உறுதியானவை, மூடியும் இறுக்கமாக இருக்கும். கழுவிவிட்டால் தண்ணீர் பிடிக்கலாமே என்று பழைய சிக்கன வழக்கத்தில் தோன்றும். மண்ணெண்ணெய்த் தகரத்தை வாளியாக்கிய கை அல்லவா! ஆனால் பிளாஸ்டிக் சில மருந்துகளைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; எத்தனை முறை கழுவினாலும் முழுதும் போகாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது; பழைய கேன்கள் இன்னும் எங்கேனும் மூலையில் கிடக்கக்கூடும். மருந்துக் கேனை மும்முறை அலசி, ஓட்டை போட்டு, நிர்வாகத்திடமே ஒப்படைக்க வேண்டும். குடிநீருக்கோ அரிசிக்கோ அது ஒருபோதும் ஆகாது. சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது ஒன்று.

அரசாங்கங்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1988-இலும் 1998-இலும் வந்த பெருவெள்ளங்களில் பைகள் வடிகால்களை அடைத்ததைக் கண்ட வங்காளதேசம், 2002-இல் மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடை செய்தது. உலகில் முதலில் அவ்வாறு செய்த நாடு, இன்று தோட்டங்களில் நம்மோடு வேலை செய்யும் அந்தத் தொழிலாளர்களின் நாடுதான். பினாங்கில் 2009 ஜூலையில் திங்கட்கிழமை தோறும் இலவசப் பை இல்லை என்று தொடங்கினார்கள். 2011 ஜனவரி முதல் நாளிலிருந்து எல்லா நாளும் இல்லை, வேண்டுமானால் 20 காசு என்று ஆக்கினார்கள். அதற்கு நெடுநாள் முன்பிருந்தே இதைச் சொல்லி வந்தவர்களுள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும், 2019-இல் மறையும் வரை அதன் தலைவராயிருந்த எஸ். எம். முகமது இத்ரிஸையும் குறிப்பிட வேண்டும். சிலாங்கூரில் 2017 ஜனவரியில் 20 காசுக் கட்டணமும் பொலிஸ்டைரின் உணவுப் பெட்டிக்குத் தடையும் வந்தன. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2030-க்குள் ஒழிக்கும் திட்டத்தை மலேசிய அரசு 2018-இல் வெளியிட்டது. சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு.

இந்நிலையில் 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை வாங்க மறுத்ததும், அந்தக் குப்பையில் ஒரு பகுதி நம் கிள்ளான் துறைமுகத்துக்குத் திரும்பிற்று. சிலாங்கூர் கோல லங்காட் வட்டாரத்தில், செம்பனைக் காடுகள் சூழ்ந்த ஜெஞ்ஜாரோமில், உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. உருக்க முடியாததை இரவில் எரித்தார்கள். ஊர்மக்கள் இருமி இருமிப் புகார் எழுதினார்கள். அதன்பின் ஆலைகள் மூடப்பட்டன. 2019-இல் கொள்கலன்களைத் திருப்பி அனுப்புவதாக அமைச்சர் துறைமுகத்திலேயே நின்று அறிவித்தார். பணக்கார நாட்டின் குப்பைகூட ஏழை வீட்டுக் கொல்லையில்தான் வந்து எரிகிறது.

சரி, நம் வீட்டில் செய்யக்கூடியது என்ன? எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது நடவாத காரியம். சம்பளம் போட்ட மறுநாள் செய்யும் பெரிய சாமான் வாங்குதலை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அன்று வீட்டிலிருந்து இரண்டு துணிப்பையோ ஒயர்க்கூடையோ போகட்டும். பை ஒன்றுக்கு 20 காசு கேட்கும் இடத்தில் நாளைக்கு ஐந்து பை வாங்கும் குடும்பம் ஆண்டுக்கு 365 வெள்ளி பைக்கே கொடுக்கிறது. ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் ஆகும் பணம் அது. துணிப்பை புதிதாக வாங்க வேண்டியதில்லை. கிழிந்த காற்சட்டையின் கால் ஒன்று போதும், ஒரு பக்கம் தைத்துக் காது வைத்தால் பத்துக் கிலோ அரிசி தாங்கும்.

அடுத்தது ஈரப் பொருள். மீன், இறைச்சி, தேங்காய்ப்பூ, குழம்பு இவற்றுக்குத் துணிப்பை உதவாது என்பது உண்மைதான். மூடியுள்ள எவர்சில்வர் டப்பா இரண்டு கூடையில் கிடக்கட்டும். மீன் கடைக்காரர் முதல்நாள் விழிப்பார். இரண்டாம் வாரம் அவரே டப்பாவை வாங்கித் தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்துப் போடுவார். சூடான சாம்பாரையும் காப்பியையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதிருப்பது உடலுக்கும் நல்லது. சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கில் கலந்துள்ள இரசாயனங்கள் உணவில் இறங்குகின்றன.

பழைய தூக்குச்சட்டி பல வீடுகளில் பரண்மேல்தான் இருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் போனவர்கள்கூட அதை எறிந்துவிடவில்லை. அதை இறக்கிக் கழுவி வேலைக்கு எடுத்துப் போவது பெரிய காரியமன்று. ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்வோம்: கழுவும் வேலை மறுபடியும் அம்மாவின் தலையிலேயே விழக்கூடாது. உண்டவர் தம் தூக்கைத் தாமே கழுவட்டும், அப்பாவாயினும் அண்ணனாயினும். பெண்கள் பிளாஸ்டிக்கை ஏன் விரும்பி வரவேற்றார்கள் என்பதை மறந்துவிட்டு, அதை விடுங்கள் என்று அவர்களிடம் மட்டும் சொன்னால் அந்த அறிவுரை ஒரு வாரம் தாங்காது.

கடைசியாக, திருவிழாவும் திருமணமும். ஒரு மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வாசலைப் பார்த்தால் போதும்; மூன்று மாதக் குப்பை ஒரே நாளில் கிடக்கும். முன்பு பல தோட்டங்களில் அண்டா, குண்டா, வாளி, கரண்டி, டம்ளர் எல்லாம் கோயிலுக்கோ மன்றத்துக்கோ சொந்தமாக இருந்தன. கல்யாண வீட்டார் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய், தேய்த்துத் துலக்கித் திருப்பித் தருவார்கள். குறைந்தால் வாங்கி வைப்பார்கள். பந்தியில் வாழையிலை, தண்ணீர்ப் பந்தலில் செம்பும் டம்ளரும். வாழையிலை இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் குவளை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பந்திக்கு நூறு பேர் என்றால் 150 டம்ளர் வேண்டும், கழுவ மூன்று அண்டா வேண்டும், நான்கு இளைஞர்கள் வேண்டும். பல கோயில்களில் அந்தப் பாத்திரங்கள் இன்னும் பூட்டிய அறையில் இருக்கின்றன. சாவி யாரிடம் இருக்கிறது என்று கோயில் தலைவரைக் கேட்டு, அறையைத் திறந்து, டம்ளர்களை எண்ணி, ஈயம் பூச வேண்டிய அண்டாவைத் தனியே எடுத்து வைக்கும் வேலையை அடுத்த திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடலாம்.